இறக்கைக்கு அடியில் மூன்று வரி

என் உயிர்த் தோஸ்த் கலீலுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரி நேராகத்தான் கிளம்புகிறது. பாதி தாண்டினால் மேம்பாலம் ஏறுகிற லாரி மாதிரி மேலே போய்விடுகிறது. நான் என்ன செய்வேன்? தோல் கம்பெனியில் கலர் அடிக்கிற ஸ்ப்ரே கன் பிடித்தே பழகிய கை இது. கன்னை ஓர் இடத்தில் நிறுத்தினால் கலர் தேங்கித் தோல் பாழாகிவிடும், ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேனா அப்படி இல்லை. ஒவ்வோர் எழுத்திலும் நில், வளை, திரும்பு என்கிறது. இதுவரை எழுதியதற்கே எனக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டது.

ஆமாம் கலீல், நானேதான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. தப்பான எழுத்துகளைக் கீதா மிஸ் சிவப்பு மையில் திருத்தினார், நான் மறுபடி பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். சிரிக்கிறாயா? சிரி. எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நீ போன அடுத்த வருஷம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். பதினெட்டு பெண்களும் நானும். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த முனியம்மா, "இன்னா பெரியவரே, இப்பப் படிச்சி கலெக்டரு ஆவப்போறியா?" என்றாள். "ஆனா உனக்குத்தாம்மா மொத பட்டா" என்றேன். இப்போது அவள் என்னைவிட வேகமாக எழுதுகிறாள். நான் அவளைவிட அழகாகப் படிக்கிறேன் என்று மிஸ் சொன்னார்.

போன மாதம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு பஸ்ஸின் நெற்றியில் தி, மி, ரி என்று மூன்று எழுத்து. திமிரி! என் மாமியார் ஊர். நாற்பது வருஷமாக அந்த பஸ்ஸை கண்டக்டர் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். என்னையும் மீறிச் சத்தமாகப் படித்துவிட்டேன். கண்டக்டர், "ஏறு பெரியவரே, சீட்டு இருக்குது" என்றான். "இல்லப்பா, நான் சும்மா படிச்சேன்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

அந்த ஜோரில் நேராக உன் கபர்ஸ்தானுக்கு வந்தேன், உன் கல்லில் உன் பெயரைப் படித்துவிட வேண்டும் என்று. உருதுவில் எழுதி வைத்திருக்கிறார்கள்! அங்கேயும் என்னை ஏய்த்துவிட்டாயே பாய். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சந்தோஷமான சங்கதி இதோடு தீர்ந்தது. இனி எழுத வேண்டியதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

கலீல், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை உன்னிடம் மறைத்தேன். தோல் கம்பெனியில் எல்லோரிடமும் மறைத்தேன். டீக்கடையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படம் நேராக இருந்தால் பேப்பர் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் யாராவது சிரித்தால் நானும் சிரிப்பேன்.

தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் மேசையில் ஒவ்வொரு தோல் கட்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுகிற பழக்கம் உனக்கு. வேலூர் லாங் பஜார் பழைய சாமான் கடைகளில் நாம் பொறுக்கி வந்த தகர விமானங்களுக்கும் அதே பழக்கத்தை வைத்துக்கொண்டாய். உள்ளே இருக்கிற பல்சக்கரமும் சுருள்வில்லும் உன் பாடு. வெளியே ஒடுக்கு எடுப்பதும் கலரும் என் பாடு. உன் வேலை முடிந்ததும் நான் செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி, விமானத்தின் விசிறியில் நூலால் கட்டி, என் பக்கம் தள்ளுவாய். "பாய், மூக்குக் கண்ணாடி வூட்லயே வெச்சிட்டேன், நீயே படியேன்" என்பேன். "உன் கண்ணாடி என்னைக்கிடா வூட்ட விட்டு வெளிய வந்திருக்குது?" என்று திட்டிக்கொண்டே படிப்பாய். அதற்கு மேல் நீ சந்தேகப்படவில்லை.

உன் மகன் இம்தியாஸ் போனான். எட்டு வயசு. மஞ்சள் காமாலை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். அவனுடைய விமானத்தை, அந்த நாலு விசிறி வைத்த பெரிய விமானத்தை, என் மேசையில் வைத்தாய். ஒரு சக்கரம் கோணியிருந்தது. விசிறியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதிக்கொண்டு வந்தாய் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு மூக்குக் கண்ணாடிக் கதையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. தலையாட்டினேன். நீ போய்விட்டாய்.

சீட்டில் இரண்டு வரி. இரண்டாவது வரிக்கு அடியில் கோடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

யாரிடமாவது காட்டியிருக்கலாம். கம்பெனியில் காட்டினால் நான் இத்தனை வருஷம் பேப்பர் பிடித்த கதை வெளியே வந்துவிடும். தெருவில் காட்டினால் அங்கிருந்து கம்பெனிக்குப் போய்விடும். கடைசியில் சீட்டை என் மனசே படித்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்ன கேட்பான்? புதுசுபோல ஆக்கிக் கொடு என்றுதான் கேட்பான் என்று முடிவு கட்டினேன்.

இடது இறக்கைக்கு அடியில் ஆணியாலோ காம்பஸ் முனையாலோ கீறியிருந்தது. பிள்ளைக் கிறுக்கல் என்று நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அது எழுத்து என்று எனக்குத் தெரியும். எழுத்து படிக்கத் தெரியாதவனுக்கும் எழுத்து எது, கிறுக்கல் எது என்று தெரியும் கலீல். என்னவென்று தெரியாததால் அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று நினைத்தேன். உப்புத் தாள் போட்டுத் தகரம் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தேன். வெள்ளிக் கலர் கலந்தேன். கன் சரியாகத் தூவுகிறதா என்று எதிலாவது அடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? உன் சீட்டைப் பிய்த்து எடுத்து, அதன்மேல் அடித்துப் பார்த்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ வந்து விமானத்தைக் கையில் வாங்கினாய். திருப்பிப் பார்த்தாய். கட்டை விரலால் அந்த இறக்கையின் அடியைத் தடவினாய். ஒருமுறை, திரும்ப ஒருமுறை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "பிரமாதம்டா ஏழுமல. புதுசு மாதிரியே ஆயிடுச்சி" என்றாய். டீ சாப்பிடக் கூட்டிப்போனாய். நான் பெருமையாக வந்தேன். டீக்கடையில் பேப்பரை என் கையிலிருந்து நீயே வாங்கிக்கொண்டு, "நான் படிக்கறேன், நீ கேளு. உன் கண்ணு வேற பேஜார்ல இருக்குது" என்று சத்தமாகப் படித்தாய்.

அன்றிலிருந்து சாகிற வரைக்கும் நீ எனக்கு ஒரு சீட்டு எழுதவில்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னாய். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சனியன் விட்டது என்று நினைத்தேன். நீ தெரிந்துகொண்டுவிட்டாய் என்பது எனக்கு முப்பது வருஷம் உறைக்கவில்லை. எப்படி உன்னால் முடிந்தது கலீல்? உன் மகனுடைய எழுத்தை அழித்தவனுக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் எப்படிப் பேப்பர் படித்தாய்?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மகள் நஸ்ரின் காட்பாடியிலிருந்து வந்தாள். துணிப்பையிலிருந்து அந்த வெள்ளி விமானத்தை எடுத்து வைத்தாள். நீ போனபிறகு அது அவள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. "சாச்சா, நாலு விசிறியில ஒண்ணு சுத்தமாட்டேங்குது. அப்பா இருந்தா அவரே பாத்திருப்பாரு. இப்ப எனக்கு நீங்கதான்" என்றாள். 'நீங்கதான்' என்ற சொல்லைக் குறித்துக்கொள்.

பிரிப்பதற்கு முன்னால் சாமான் எடுக்கப் பழைய பெட்டியைத் திறந்தேன். எந்த விமானத்துக்கும் உப்புத் தாள் போடுவதற்கு முன்னால், பட்டையில் பதனிட்ட தோல் துண்டை நனைத்து, இறக்கையோடு சேர்த்து இறுக்கி, ஒருநாள் வைத்து எடுப்பேன். இதை உனக்குக்கூடக் காட்டியதில்லை. காய்ந்ததும் தகரத்தில் இருந்த கோடு, எழுத்து, பள்ளம் எல்லாம் தோலில் பதிந்திருக்கும். படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் நோட்டு. கம்பெனிப் பெயரை மறுபடி எழுத அதைப் பார்த்துப் படம்போல வரைவேன். எழுத்துத் திரும்பிப் பதிந்திருக்கும் என்பதால், முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டி வரைவேன். எல்லா விமானத்துக்கும் எடுத்த அந்தத் தோல் துண்டுகள் அப்படியே இருந்தன. எல்லாமே இங்கிலீஷ். இங்கிலீஷ் எனக்கு இன்னும் படம்தான். ஒரே ஒரு துண்டில் மட்டும் தமிழ் மாதிரி இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. வகுப்பில் படித்ததெல்லாம் ஒரே நாளில் மறந்துபோய்விட்டது என்று எனக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்து, சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்தேன். பை, ல, ட். மருமகள் வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் படித்தேன்.

பைலட் இம்தியாஸ்
பின்னாடி அப்பா அம்மா
நஸ்ரினுக்கு இடம் இல்லை

மூன்றாவது வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் போர்டைத் தவிர, நானே படித்த, பாடப் புத்தகத்தில் இல்லாத முதல் சங்கதி அது. ஒரு நொடி அந்த சந்தோஷம்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது நான் எதைத் தேய்த்தேன் என்று.

விசிறி ரிப்பேர் அரை மணி நேர வேலை. தகரத்தை மடக்கிப் பிடித்திருக்கிற நாக்குகளை ஒடியாமல் நிமிர்த்திப் பிரித்தேன். விசிறியின் தண்டில் ஒரு நூல் சுற்றி இறுகியிருந்தது. உன் சீட்டு கட்டிய நூல். அன்றைக்கு அவிழ்க்காமல் பிய்த்தேன் அல்லவா? மிச்சம் உள்ளே போயிருக்கிறது. அதன்மேலும் வெள்ளிக் கலர்.

வேலை முடிந்தும் மூன்று வாரம் நான் நஸ்ரினுக்குச் சொல்லவில்லை. போன் செய்தால், "ஸ்பிரிங் கெடைக்கலம்மா, பெங்களூர்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்று பொய் சொன்னேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் இனி என்னைச் சாச்சா என்று கூப்பிடுவாளா? நீ போனபிறகு அந்த வீட்டில் எனக்கு இருக்கிற இடமே சித்தப்பா என்கிற அந்த ஒரு வார்த்தைதான். தோல் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் பாசஞ்சர் ஏறிக் காட்பாடியில் இறங்கினேன். ஒரு பையில் விமானம். சட்டைப் பையில் தோல் துண்டு. அவள் விமானத்தைத் தள்ளிப் பார்த்தாள், நாலு விசிறியும் சுற்றின. "சூப்பர் சாச்சா" என்று கை தட்டினாள். இன்னும் நேரமானால் ஓடிப்போய்விடுவேன் என்று தெரிந்ததால் உடனே சொன்னேன்.

"இதுக்கு அடியில உன் தம்பி எழுதியிருந்தான்மா. அத்த நான்தான் அழிச்சேன். உங்கப்பாரு சீட்டு எழுதித்தான் குடுத்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது."

"இன்னா சாச்சா சொல்றீங்க? நீங்க டெய்லி பேப்பர் படிப்பீங்களே?"

"பிடிச்சிக்கினு ஒக்காந்திருப்பேன்மா. படிச்சதில்ல."

 நான் தோல் துண்டைக் கொடுத்து, அலமாரிக் கண்ணாடியில் காட்டிப் பார் என்றேன். எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது, அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "திருட்டுப் பையன். அவன் பொம்மைய நான் மிதிச்சிட்டேன்னு, என்னை ஏத்தவே இல்ல பாருங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அழுதுகொண்டே அவள் சொன்னதைக் கேள் கலீல். இதில் பாதி உனக்கும் தெரியாது.

"நான்தான் சாச்சா அத்த அழிக்கச் சொன்னேன். எனக்கு இடம் இல்லன்னு எழுதிட்டான்னு அப்பாகிட்ட அழுதேன். அழிச்சிடலாம்மான்னு சொன்னாரு. அப்புறம் அவன் போய்ட்டான். வெள்ளிக் கலர்ல விமானம் வந்திச்சி. திருப்பிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன்னுதான் அப்பா அழிச்சிட்டாருன்னு நெனச்சேன். அவன் கையால எழுதினது அது ஒண்ணுதான் வூட்ல இருந்திச்சி. இத்தினி வருஷமா நான்தான் அழிச்சேன்னு இருக்கேன் சாச்சா."

நீ என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாய். நான் என் மானத்துக்காகவே வாயை மூடிக்கொண்டேன். நடுவில் பதினோரு வயசுப் பெண் ஒருத்தி, செய்யாத குற்றத்தைத் தூக்கிக்கொண்டு வளர்ந்து, கல்யாணம் ஆகி, தலை நரைத்து நிற்கிறாள். நான் அழித்தது மூன்று வரி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு காட்பாடியில் இறங்கினேனே!

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதே. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா சாச்சா கொறஞ்சிப் போயிருப்பீங்க?" கோபமாகத்தான் கேட்டாள்.  ஆனால் சாச்சா என்றுதான் கேட்டாள்.

பிறகு, "இந்த வெள்ளிய எடுத்தா அடியில தெரியுமா?" என்றாள். தெரியாதும்மா, தகரம் வரைக்கும் தேய்த்துவிட்டேன் என்றேன். "அப்ப நீங்களே திரும்பக் கீறிக் குடுங்க. இப்பத்தான் எழுதத் தெரியுமே. உங்க எழுத்தும் மூணாங்கிளாஸ் எழுத்துதானே" என்றாள். கை துறுதுறுத்தது. அவன் போட்ட மாதிரியே என்னால் வரைந்துவிட முடியும், எத்தனை கம்பெனிப் பெயரை வரைந்த கை இது. ஆனால் வேண்டாம் என்றேன். அது அவன் கை. நான் கீறினால் அது இரண்டாவது பொய்.

ஷோகேஸில் தோல் துண்டை நிறுத்தி, எதிரே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தாள். கண்ணாடிக்குள் எழுத்து நேராகத் தெரிகிறது. பக்கத்தில் விமானம். நான் அவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் நூலும் கேட்டேன். 'அடியில் இருப்பதைத் தொடாதே' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் சீட்டு. உன் சீட்டிலும் இதுதான் இருந்ததா? இனி யாரைக் கேட்பேன்? நூலால் தோல் துண்டில் கட்டினேன். நீ போட்ட மாதிரி அடியில் ஒரு கோடும் போட்டேன். அது மட்டும் நேராக வந்தது.

இந்தக் கடிதத்தை வகுப்பு மலரில் போடலாமா என்று கீதா மிஸ் கேட்கிறார். போடட்டும். ஊருக்கு மறைத்ததை ஊர் படிக்கட்டும். முனியம்மா முதலில் படிப்பாள், படித்துவிட்டுத் திட்டுவாள்.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகைக் கூட்டம் கலைந்ததும் வந்து, உன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை உனக்குப் படித்துக் காட்டுவேன். நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன், பொறுத்துக்கொள். நஸ்ரின் கேட்டதற்குப் பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டு வருவேன். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று இனி சொல்லமாட்டேன் பாய்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
நஸ்ரினுக்குச் சாச்சா,
ஏழுமலை